ஒத்திகையில் செத்த இருவர்

அரசாங்கக் கணக்கில் நான் ஒரு முறை செத்திருக்கிறேன். காலை இரண்டாவது பீரியடில், எட்டாம் வகுப்பறை ஜன்னலோரத்தில், துப்பாக்கிச் சூட்டில். எனக்குச் சற்று முன்னால் என் மாணவி ஒருத்தி செத்தாள். எங்கள் இருவரைத் தவிர அன்றைக்கு வேறு யாருக்கும் ஆபத்தில்லை என்று அறிக்கை சொல்கிறது. செத்த மறுநாள் நான் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமூக அறிவியல் எடுத்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் பொன்னேரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. கடலோரப் பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வீதம் வரச்சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் ஆயுதத்தோடு ஆள் புகுந்து பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துவைத்தால் என்ன செய்வது என்பது பயிற்சி. மின்விசிறி சுற்றாத அரங்கம், சாப்பாட்டுப் பொட்டலம், திரையில் படம். வகுப்பெடுத்த அதிகாரி மெதுவாகப் பேசுபவர், எதையும் மிகைப்படுத்தாதவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

உலகத்தில் அங்கங்கே நடந்த பள்ளி முற்றுகைகளைக் காட்டினார். ஓடும் பிள்ளைகள், கயிற்றுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்கள். ஒவ்வொன்றிலும் அரசாங்கம் எங்கே தடுமாறியது என்று சொல்லிக்கொண்டே போனார். யார் தலைமை என்று யாருக்கும் தெரியாமல் போனது ஓரிடத்தில். உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று வெளியே தப்பாகச் சொல்லி, பெற்றோரின் கோபத்தைக் கிளப்பிவிட்டது இன்னோரிடத்தில். கடைசியாக, திரையில் பெரிய எழுத்தில் வந்ததை அவரே வாய்விட்டுப் படித்தார்: குடும்பத்தாரிடம் உண்மையை உடனே சொல்ல வேண்டும். “மத்த தப்பையெல்லாம் ஜனங்க மறந்துடுவாங்க. இதை மட்டும் மன்னிக்க மாட்டாங்க” என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

பின்வரிசையில் இருந்த ஒரு சார், “எங்க ஸ்கூல்ல பாத்ரூமுக்குக் கதவே இல்லைங்க. அத்த வந்து எவன் புடிக்கப் போறான்?” என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு, கடல் பக்கம் கதவு இல்லாத ஊர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் பழவேற்காட்டில் முஸ்லிம் தெருவில் பிறந்து, பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்கு வேலை, பாலத்தைத் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் மேட்டில் கிடக்கும் ஒரு மீனவக் குப்பத்தில். நடுநிலைப் பள்ளி, எட்டாவது வரை. பள்ளியின் முன்வாசல் ஊரைப் பார்த்தும் பின்சுவர் ஏரியைப் பார்த்தும் இருக்கும். கேட்டின் ஒரு பக்கக் கதவு கீல் விட்டுப்போய் வெகுநாளாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அதனால் கேட்டைப் பூட்ட வழியில்லை. ஆடுகள் சுதந்திரமாக வந்து போகும். சில நாள் எங்களை விட ஒழுங்காக நேரத்துக்கு வரும்.

எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போக வேண்டும். பலர் போவதில்லை. இறால் உரிக்கப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருஷமும் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நான் வீடுவீடாகப் போவேன். பஸ் இல்லை, பையன்கள் தொல்லை, வயசுப் பெண், சொந்தக்காரர்கள் பேசுவார்கள். எல்லாக் காரணத்துக்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்த வருஷம் ஒருவர் சொன்ன காரணத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அவர் ஏரியில் இறாலுக்கு வலை விடுபவர். மகள் என் வகுப்பில் படித்தாள். நன்றாகப் படிப்பாள், அதைவிட நன்றாகச் சண்டை போடுவாள். ஒன்பதாவது சேர்க்கச் சொல்லிப் போனபோது அவர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஸ்கூலு நல்ல ஸ்கூலுதான் டீச்சர். ஆனா பசங்க உள்ள போனதும் கேட்ட பூட்டிடறாங்களாமே?”

“பாதுகாப்புக்குத்தானே பூட்டறாங்க?” என்றேன்.

வலையை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “சுனாமி வந்த அன்னிக்கி அம்மா மீன் விக்கப் போறப்ப வெளிய பூட்டிகினு போச்சு. பாதுகாப்புக்குத்தான். தங்கச்சி உள்ள தூங்கினு இருந்துச்சு. நான் ஏரில இருந்தேன்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வலையில் ஒரு சிக்கலை எடுக்க நெடுநேரம் பிடித்தது அவருக்கு.

கிளம்பும்போது நான் வாக்குக் கொடுத்தேன். டவுன் பள்ளியில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்த மறுநிமிஷம் உங்களுக்குத்தான் போன் செய்வேன் என்றேன். அதுவரைக்கும் அவள் எங்கள் பள்ளியில்தானே இருக்கிறாள், எங்கள் கேட்டுக்குப் பூட்டே கிடையாதே என்றும் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

“சரி டீச்சர். ஒங்கள நம்பி உடறேன்.”

அவர் மகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் வெளியே போக எத்தனை வழி என்று முதலில் பார்த்துவிடுவாள். நைனா சொல்லிக்கொடுத்தது என்பாள். சைரன் கேட்டால் யாரையும் கேட்காதே, எதையும் எடுக்காதே, ஓடு. இதுவும் நைனா சொன்னது. குப்பத்தில் கடற்கரைப் பக்கம் மாடி வைத்த புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் சைரன். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குத் தண்டோரா போட்டுவிட்டுக் கடல் ஒத்திகை நடத்துவார்கள். சைரன் ஊதும், பிள்ளைகளெல்லாம் ஓடிப்போய் மாடி ஏற வேண்டும், ஏறியவர்களுக்கு பிஸ்கட். அந்த ஊரில் சைரனுக்கு ஒரே அர்த்தம்தான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும்.

போலீஸ் ஒத்திகை நடந்த நாளன்று நான் பள்ளிக்குப் போனபோது கேட் சரியாகியிருந்தது. எத்தனையோ மனுக்களுக்கு அசையாத கேட். வெல்டிங் வாசனை இன்னும் போகவில்லை. புதுச் சங்கிலி ஒன்றும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் தொங்கின. எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

தலைமையாசிரியர் எங்களை உள்ளே கூப்பிட்டு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார். அவர் ஓய்வுபெற இருந்தவர், ரத்தக்கொதிப்புக்காரர், உத்தரவு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். போலீஸ்காரர்களே தீவிரவாதிகள் வேஷத்தில் ஏரி வழியாகப் படகில் வருவார்கள். எட்டாம் வகுப்பைப் பிடித்துவைப்பார்கள். மற்ற வகுப்புகள் சத்துணவுக் கூடத்தில் இருக்கும். வேறு போலீஸ் வந்து மீட்கும். பிள்ளைகளிடம் சொல்லலாம், ஊரில் சொல்லக்கூடாது.

“ஊர்ல சொல்லாம எப்படி சார்?” என்றேன்.

“சொன்னா அது ஒத்திகை இல்லைம்மா, நாடகம். மேலிடத்து உத்தரவு.”

முற்றத்தில் பொறுப்பாக நின்றிருந்த அதிகாரியிடம் போனேன். பொன்னேரியில் வகுப்பெடுத்தவர் அல்ல, வேறொருவர். குடும்பத்தாரிடம் உடனே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் பயிற்சியிலேயே சொன்னார்களே சார் என்றேன்.

அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். “அது நிஜ சம்பவத்துக்கு மேடம். இது ஒத்திகைதானே?”

எங்கள் செல்போன்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கினார்கள். என்னுடையதைப் போடுவதற்கு முன்னால், நான் வாக்குக் கொடுத்திருந்த அந்த மனிதருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் ஏரியில் இருந்தார் போலிருக்கிறது, போன் போகவில்லை. கூடை கிட்டே வந்துவிட்டது. போட்டுவிட்டேன்.

தீவிரவாதிகள் நான்கு பேரும் இளவட்டங்கள். லுங்கி, கசங்கிய சட்டை, முகத்தைச் சுற்றித் துண்டு. மீனவர்களைப் போல் இருக்க வேண்டுமென்று யாரோ யோசித்து உடுத்திவிட்டிருக்கிறார்கள். படகை விட்டு இறங்கும்போதே ஒருவர் முழங்கால் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எட்டாம் வகுப்பு ஜன்னலில் தொற்றிக்கொண்டு கைதட்டியது. உள்ளே வந்தபிறகும் சிரிப்பு அடங்கவில்லை. “எல்லாரும் கையைத் தலைக்குமேல வையுங்க பாப்பா” என்று ஒரு தீவிரவாதி கேட்டுக்கொண்டார். கடைசி பெஞ்சில், ஒத்திகையைக் கண்காணிக்க வந்த ஒரு சார் அட்டையும் காகிதமுமாக உட்கார்ந்து நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கொஞ்சம் பயந்தால் நன்றாக இருக்கும் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் எப்படிப் பயமுறுத்துவது? அட்டவணைப்படி அது கணக்கு வகுப்பு. கணக்கு சாரை வேண்டுமானால் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

அப்போது சைரன் ஊதியது.

வாசலில் பூட்டு விழுந்து, பிள்ளைகள் பிடிபட்டாயிற்று என்று அறிவிக்க யாருக்கோ ஓர் எச்சரிக்கை ஒலி தேவைப்பட்டிருக்கிறது. ஊரிலேயே பெரிய சைரன் புயல் கட்டடத்தில் இருக்கிறது. ஊதிவிட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நானும் கடல்தான் வருகிறது என்று நினைத்தேன். துப்பாக்கிக்கும் முகமூடிக்கும் நிற்காத சிரிப்பு ஒரே நொடியில் நின்றது. தீவிரவாதிகள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். பையை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. பின்கதவு வழியாக வெளியே பாய்ந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் கால்வைத்து, சுவரில் கைபோட்டு ஏறினாள். ஒரு தீவிரவாதி துப்பாக்கியோடு பின்னால் ஓடினார்.

“ஏய் பாப்பா, நில்லு! நில்லு! பாப்பா, சுட்டாச்சு! நீ செத்துட்ட!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் குதித்தாள். அவர் மூச்சிரைக்க உள்ளே வந்து கடைசி பெஞ்சுக்காரரிடம், “ஒண்ணு சார்” என்றார். அவர் எழுதிக்கொண்டார்.

மற்ற பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். ஆனால் இதற்குள் இரண்டு கதவிலும் ஆள் நின்றாயிற்று. அழுகை நிஜமாகவே தொடங்கியது. “தண்ணி வருது சார், உடுங்க சார்” என்று பெரிய பையன்களே கையெடுத்துக் கும்பிட்டார்கள். என்னருகே நின்ற தீவிரவாதிக்கு என் தம்பி வயதுகூட இருக்காது. “எங்க ஊர்ப் பக்கம் கடலே இல்லை மேடம். சைரன் அடிச்சா என்ன அர்த்தம்?” என்று கேட்டான். சொன்னேன். அவன் ஓடிப்போய்க் கடைசி பெஞ்சில் சொன்னான். கடைசி பெஞ்சுக்காரர் வாக்கிடாக்கியில் யாரையோ கேட்டார். தண்ணீர் எதுவும் வரவில்லை, எல்லாம் ஒத்திகையின் பகுதி என்று பதில் வந்தது. கதவைத் திறக்க உத்தரவு வரவில்லை.

எனக்கு உயிர் வந்தது. பிள்ளைகளிடம் சொன்னேன், பாதிப் பேர் நம்பினார்கள். சைரன் மட்டும் நிற்கவே இல்லை.

முன்பக்க ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. ஊரே அங்கே இருந்தது. இடுப்பில் குழந்தையோடு பெண்கள், கையில் செதிலோடு பெண்கள், ஏரியிலிருந்து ஓடிவந்து இன்னும் தண்ணீர் சொட்டும் ஆண்கள். எல்லோருக்கும் முன்னால் அந்த மனிதர். புதுச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். கடல் வருகிறது, பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது, மகள் உள்ளே இருக்கிறாள். அவர் அறிந்தது அவ்வளவுதான்.

“தண்ணி வருதுடா! புள்ளைங்கள பூட்டி வச்சிகினு இன்னாடா பண்றீங்க! தொறடா!”

உள்பக்கம் நின்ற போலீஸ்காரர்கள், “ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை, கலைஞ்சு போங்க” என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. அழுகிற தாயிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதைவிடப் பெரிய கொடுமை எனக்குத் தெரியவில்லை.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உங்க பொண்ணு வெளிய போயிட்டா, புயல் கட்டடத்துக்கு ஓடிட்டா என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மகள் பெயரைச் சொல்லிச் சங்கிலியை ஆட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் காதைக் கொடுப்பார், மறுபடி ஆட்டுவார்.

“மேடம், ஜன்னல்கிட்ட போகக்கூடாது” என்றான் என் தீவிரவாதி. “போனா சுடணும் மேடம்.”

“சுடுப்பா” என்றேன்.

அவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான். அங்கிருந்து தலையசைப்பு வந்தது. “சுட்டாச்சு மேடம். நீங்க செத்துட்டீங்க. கீழ படுக்கணும்” என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான், பாவம்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. பிணையாக இருக்கும்வரைதான் நான் அவர்கள் சொன்னபடி கேட்க வேண்டும். செத்தவளுக்கு ஏது உத்தரவு? கதவில் நின்றவரை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். “மேடம், படுங்க மேடம், படுங்க” என்று பின்னால் குரல் வந்தது. ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்தார். “நான் செத்துட்டேன், வழி விடுங்க” என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார்.

கேட்டுக் கம்பி வழியாக அவள் நைனாவின் காதருகே போய்ச் சொன்னேன். தண்ணி வரல, இது போலீஸ் ஒத்திகை. ஒங்க பொண்ணு உள்ள இல்ல. சொவரேறிக் குதிச்சி ஓடிட்டா, புயல் கட்டடத்துக்கு.

“ஓடிட்டாளா?”

“ஓடிட்டா.”

சங்கிலியை விட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினார். ஒத்திகை என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

மற்றவர்களிடமும் ஒத்திகை என்று சொன்னேன். ஒருத்தி கேட்டாள், “வெளாட்டுக்குன்னா எதுக்கு டீச்சர் பூட்டு?”

சைரன் ஒருவழியாக நின்றது. ஆனாலும் கேட் திறக்கவில்லை. ஒத்திகையை முடிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னார். இருக்கிறவர் போனை எடுக்கவில்லை. மூன்று துறைக்காரர்கள் மாறி மாறி மற்ற இரண்டு துறைகளைக் கைகாட்டினார்கள். பொன்னேரியில் திரையில் பார்த்ததெல்லாம் என் கண்ணெதிரே ஒன்றொன்றாக நடந்தது.

கதவைத் திறக்கவைத்தது ஏரி வழக்கம். அங்கே பாடு என்று ஒன்று உண்டு. எந்த நாளில் யார், ஏரியின் எந்த இடத்தில் வலை விடலாம் என்று முறை வைத்துக்கொள்வது. முறையில்லாத படகு புகுந்தால் படகையும் ஆளையும் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அடி உதை கிடையாது. உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். பிடிபட்டவரின் ஊர்ப் பெரியவர்கள் வந்து நியாயம் பேசிய பிறகுதான் ஆள் வீடு திரும்ப முடியும். தீவிரவாதிகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் பின்னால் படகில் காத்திருந்தார்கள் இரண்டு பேர். ஆண்கள் சிலர் சுற்றிக்கொண்டு போய் அவர்களை அப்படியே அழைத்துப்போய்விட்டார்கள். எஞ்சினையும் கழற்றிக் கோயிலில் வைத்தாயிற்று. கேட்டுக்குச் செய்தி வந்தது.

“எங்க புள்ளைங்கள உடுங்க, ஒங்க ஆளுங்கள உடறோம்.”

அதுவரை பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. பிணைக்கைதிகளை மீட்க வந்தவர் அவர். ஒத்திகையில் இல்லாத நிஜப் பிணைக்கைதிகள் இரண்டு பேர் இப்போது அவருக்குக் கிடைத்துவிட்டார்கள். கிடைக்காத உத்தரவும் உடனே கிடைத்தது. ஆனால் பூட்டின் சாவியை வைத்திருந்தவர், சைரனை நிறுத்தப் பின்சுவர் ஏறிப் புயல் கட்டடத்துக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. உள்ளேயிருந்து போலீஸும் வெளியேயிருந்து மீனவர்களும் சேர்ந்து, காலையில் பற்றவைத்த கதவை அப்படியே தூக்கிக் கழற்றிப் பழைய இடத்திலேயே சாய்த்தார்கள். தாய்மார்கள் உள்ளே பாய்ந்து அவரவர் பிள்ளையை அள்ளிக்கொண்டு போனார்கள். யார் யார் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

பிடிபட்ட இருவரும் கோயில் மண்டபத்தில் நண்டுக் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். சாப்பிட்டு முடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தப் பெண் புயல் கட்டடத்து மாடியில் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருக்கிறாள். அப்பன் ஏறிப்போய்த் தோளைத் தொட்டபோதும் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். “கடலு உள்ள வாங்கல நைனா. பாத்துகினுதான் கீறேன்” என்றாளாம். அவள்தான் எனக்குச் சொன்னாள். நைனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்றும் சொன்னாள்.

சில வாரம் கழித்துப் பொன்னேரியில் ஆய்வுக் கூட்டம். மெதுவாகப் பேசும் அந்த அதிகாரியும் வந்திருந்தார். ஒருவர் அறிக்கையை வாசித்தார். உயிரிழப்பு இரண்டு: அறிவுறுத்தலை மீறித் தப்பியோட முயன்ற மாணவி ஒருவர், ஜன்னலருகே சென்ற ஆசிரியை ஒருவர். உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு போதவில்லை. பள்ளிச் சுற்றுச்சுவர் ஒரு சிறுமி ஏறும் உயரத்தில் இருப்பது பாதுகாப்புக் குறைபாடு, உயர்த்த வேண்டும். பள்ளி நேரத்தில் எல்லாப் பள்ளிகளின் கேட்டும் கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும்.

நான் எழுந்து, “செத்தவங்க பேசலாமா சார்?” என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “சைரன் கேட்டா ஓடுன்னு அந்தப் பொண்ணுக்கு அரசாங்கம்தான் சொல்லிக்கொடுத்துச்சு. அந்த வகுப்பில சொன்னதைச் செஞ்சது அவ ஒருத்திதான். அவளைப் போய்ப் பிணமா எழுதிவச்சிருக்கீங்க. அவ நைனா சங்கிலியைப் புடிச்சிகிட்டு நின்ன நேரத்தில, அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல இங்க ஒரு ஆள் இல்லை. இதுல நாம கத்துக்கிட்டது சுவர் உயரம்தானா?” என்றேன்.

மெதுவாகப் பேசும் அதிகாரி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்து, “நீங்க சொன்னது சரி மேடம்” என்றார். அவர் சொன்னது மனதார என்றுதான் இன்றும் நம்புகிறேன். திருத்திய அறிக்கை வந்தபோது அதில் ஒரு வரி கூடியிருந்தது. பெற்றோருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தப்படும்.

எங்கள் பள்ளிச் சுவரைத்தான் முதலில் உயர்த்தினார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தார்கள். கேட்டில் பூட்டு விழுந்தது, ஆடுகள் வருவது நின்றது. காலையில் பூட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக இருக்கும். கோடை விடுமுறைக்கு முன்னால் மறுபடியும் ஒரு சுற்று வீடுவீடாகப் போனேன். அவர் வீட்டுத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? பூட்டே கிடையாது என்று சொன்ன வாய்தானே இது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவரே வந்தார். மூடியிருந்த கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நான் போய்த் திறக்கச்சொன்னேன்.

“டவுன் ஸ்கூல்ல சேக்கணும் டீச்சர். இன்னா இன்னா எடுத்துகினு போவணும்?”

“அங்க கேட்டைப் பூட்டுவாங்களே” என்றேன். எல்லோரிடமும் சேர்க்கச்சொல்லி வாதாடுகிறவள், சேர்க்க வந்தவரிடம் இப்படிச் சொன்னேன்.

“பூட்டட்டும்” என்றார். “அன்னிக்கி நான் சங்கிலிய ஆட்டிகினு இருந்தேன். யாராச்சும் தொறப்பாங்கன்னு. அவ யாராச்சும் தொறக்கட்டும்னு குந்தினு இல்ல டீச்சர். ஓடிட்டா.” கேட்டில் தொங்கிய சங்கிலியை விரலால் தள்ளினார். “தங்கச்சி ரொம்ப சின்னது. அதுக்கு ஓடத் தெரில.”

பள்ளி திறந்த அன்று நானும் டவுன் பள்ளி வாசலுக்குப் போயிருந்தேன். புதுப் பாவாடை தாவணி மாதிரி மொடமொடவென்ற சீருடையில் அவள் நின்றாள். எரிச்சலாக இருந்தாள், புதுச் செருப்பு கடிக்கிறதாம். அவர் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்து, கையை நீட்டி மேல்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

“கண்ணாடி பதிக்கல” என்றார். “இத்தையும் ஒசத்தப் போறாங்களா டீச்சர்?”

“நிதி வந்தா ஒசத்துவாங்க.”

“அப்ப சரி. அதுக்குள்ள இவ பன்னெண்டாவது முடிச்சிருவா.”

மணி அடித்தது. “போ” என்றார். அவள் செருப்பைத் திட்டிக்கொண்டே உள்ளே போனாள். போகிற போக்கில் இடமும் வலமும் பார்த்துக்கொண்டாள், எத்தனை வழி என்று. காவலர் கேட்டைச் சாத்திப் பூட்டினார். பூட்டுச் சத்தம் கேட்டபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மெல்லத் திறந்து, நேரமாயிடுச்சு, ஏரிக்குப் போகணும் என்று சொல்லிவிட்டுப் பாலத்தைப் பார்க்க நடந்தார்.